ஆயர் திருமுகங்களில் அருட்கோட்பாடு: குடியேறியோர் பற்றிய கத்தோலிக்க எழுத்துக்கள் குறித்து ஓர் ஆய்வு

சமயத் தலைவர் தம் மக்கட்கு விடுக்கும் திருமுகங்களை இலக்கிய ஆராய்ச்சிக்கு உரியனவாகக் கொள்ளலாமோ என்னும் ஐயம் சிலர்க்கு எழுதல் கூடும். தமிழ் மரபினை அறிந்தார்க்கு அவ்வையம் எழ வேண்டுவதில்லை. பதினோராந் திருமுறையின் முகப்பில் நிற்பதே ஒரு திருமுகப் பாசுரமாகும். மதுரை ஆலவாய்ப் பெருமான், தன்பால் அன்புடைய பாணபத்திரன் என்னும் இசைவாணன் பொருட்டுச் சேரமான் பெருமாளுக்கு எழுதியதாக அது வழங்குகின்றது. ஒரு நாட்டினன் மற்றொரு நாட்டிற்குச் செல்லுங்கால், அங்குள்ளார் அவனை எங்ஙனம் நடத்துதல் வேண்டும் எனச் செல்பவனும் அல்லாத, ஏற்பவனும் அல்லாத மூன்றாமவர் ஒருவர் எழுதும் பரிந்துரையே அப்பாசுரம். இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகும் எழுத்துக்களும் அவ்வினத்தனவே.

பிறநாட்டினின்றும் வந்து குடியேறுவோரை அருளோடு ஏற்குமாறு கத்தோலிக்கத் திருச்சபை தன் மக்களை நோக்கி விடுத்த அழைப்புக்கள் பல. அவற்றுள் நான்கினை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1952ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாளில் வெளியிட்ட ‘எக்சுல் ஃபமீலியா’ என்னும் திருத்தூது ஆணை ஒன்று. ஐக்கிய அமெரிக்க நாட்டு ஆயர்களும் மெக்சிக்கோ நாட்டு ஆயர்களும் ஒருங்கு கூடி 2003ஆம் ஆண்டு சனவரி 22ஆம் நாளில் வெளியிட்ட, ‘இனி அந்நியர் அல்லர்’ என்னும் கருத்துடைய தலைப்பினைத் தாங்கிய திருமுகம் மற்றொன்று. பாப்பரசர் பிரான்சிஸ் 2025ஆம் ஆண்டு பிப்பிரவரி 10ஆம் நாளில் அமெரிக்க ஆயர்கட்கு எழுதிய மடலும், அவ்வாயர்கள் அதே ஆண்டு நவம்பரில் பால்ட்டிமோர் நகரில் கூடி விடுத்த சிறப்புச் செய்தியும் ஏனைய இரண்டு. இவற்றின் அரசியற் பயன் யாது என்று ஆராய்வது எம் நோக்கமன்று. இவை எச்சொல்லால் பேசுகின்றன, எவ்விடத்து நின்று பேசுகின்றன, யாரை நோக்கிப் பேசுகின்றன என்பனவே எம் வினாக்கள். அருள் என்பது ஓர் உணர்ச்சியாதலோடு ஒரு சொல்லும் ஆகலின், சொல்லாராய்ச்சியாளர்க்கும் அதன்கண் ஒரு பங்கு உண்டு.

முதற்கண், பேசுவோர் யாவர் என்பதனை அறிதல் வேண்டும். அமெரிக்கக் கத்தோலிக்கத் திருச்சபை, தொன்றுதொட்டு அந்நிலத்தில் வேரூன்றி நின்று, வருவோரைத் திண்ணையில் அமர்ந்து நோக்கும் முதுகுடியன்று. சீர்திருத்தச் சபையினர் பெரும்பான்மையராய் வாழ்ந்த நாட்டில் அதுவே வந்தேறிய குடியாகக் கருதப்பட்டது. 1834இல் மாசசூசெட்சு மாநிலத்துச் சார்ல்சுடவுனில் கத்தோலிக்கக் கன்னியர் மடம் ஒன்று கும்பலால் தீக்கிரையாக்கப்பட்டது. 1844இல் பிலடெல்பியா நகரில் நிகழ்ந்த கலகங்களில் கத்தோலிக்கக் கோயில்கள் எரிந்தன. அயர்லாந்தில் உருளைக்கிழங்கு விளைவு பொய்த்து நேர்ந்த பெரும் பஞ்சத்திற்குத் தப்பி வந்தோர் பெருகவே, 1850களில் குடியேறுவோரையும் கத்தோலிக்கரையும் ஒருங்கே வெறுத்த அரசியற் கட்சி ஒன்று தோன்றித் தேர்தல்களிலும் வெற்றி கண்டது. பின்னர் வந்த இத்தாலியர்க்கும் போலந்தினர்க்கும் 1924ஆம் ஆண்டுச் சட்டம் கதவினைப் பெரும்பாலும் அடைத்தது. அச்சட்டத்தின் நாட்டுவாரி அளவுமுறை 1965இலேயே நீக்கப்பெற்றது. இத்தாலியக் குடியேறியோர்க்குத் தொண்டு செய்ய 1889இல் நியூயார்க்கு வந்திறங்கிய பிரான்செசு கபிரினி அம்மையார் 1946இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டு, 1950இல் குடியேறுவோரின் பாதுகாவலராக அறிவிக்கப்பெற்றமையும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

ஆகவே, அமெரிக்க ஆயர் ஒருவர் ‘வந்தோரை ஏற்பீராக’ எனத் தம் மக்களை நோக்கிக் கூறுங்கால், கேட்போருட் பலர் வந்தோரின் பேரரே. இந்நிலை திருமுகங்கட்கு ஒரு வலிமையையும் ஓர் இடுக்கணையும் ஒருங்கே தருகின்றது. வலிமையாவது, நினைவூட்டினாலே போதும், அறிவுறுத்த வேண்டுவதில்லை என்பது. இடுக்கணாவது, பாட்டனார் பட்ட துன்பத்தைப் பேரன் பெருமைக்குரிய கதையாக மாற்றிக்கொண்டபின் அந்நினைவு தன் கூர்மையை இழந்துவிடுதல். ‘எம் முன்னோர் முறைப்படி வந்தனர், இவர் முறையின்றி வருகின்றனர்’ என்னும் மறுமொழி அந்நாட்டுக் கத்தோலிக்கரிடையே மிகுதியும் கேட்கப்படுவது. ஐரோப்பாவினின்று வந்தோரின் தொகைக்கு வரம்பு கட்டிய சட்டம், அம்முன்னோருட் பெரும்பாலார் வந்த காலத்தில் இல்லை என்பதனை அம்மறுமொழி நினைப்பதில்லை. பழைய ஏற்பாட்டின் யாத்திராகமமும் லேவியராகமமும் அந்நியனை ஒடுக்காதே என விதிக்கும் இடங்களில் அவ்விதிக்குக் காட்டும் காரணம், கேட்போர் ஒருகால் எகிப்தில் அந்நியராய் இருந்தனர் என்பதே. நினைவே ஆண்டு அறத்திற்கு அடிப்படை. அது மங்கின் அறமும் தளரும். அமெரிக்க ஆயர்தம் எழுத்துக்களின் உள்ளே ஓயாது நிகழ்வது இந்நினைவினை மீட்கும் முயற்சியே என்பது எம் கருத்து.

அம்முயற்சிக்கு அவர்க்குக் கிடைத்த முதற் படிமம் எகிப்து நாட்டிற்குத் தப்பிச் சென்ற திருக்குடும்பமாகும். மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் இயலில் அந்நிகழ்ச்சி மூன்றே வசனங்களில் முடிந்துவிடுகின்றது. 1952ஆம் ஆண்டின் ஆணையோ அதனையே தன் தொடக்கமாகவும் பெயராகவும் கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் கோடிக்கணக்கான மக்கள் வீடிழந்து அலைந்த காலம் அது. நாசரேத்தூர்க் குடும்பத்தைப் பத்திநாதர் எக்காலத்துப் புகலிடம் நாடுவோர்க்கும் முன்மாதிரியாக நிறுத்துகின்றார். அங்ஙனம் நிறுத்துமிடத்து அச்சத்தால் ஓடுவோரையும் வறுமையால் வெளியேறுவோரையும் ஒரே தொடரில் இணைத்துக் கூறுகின்றார் என்பது நுணுகி நோக்கற்பாலது. அதற்கு முந்தைய ஆண்டாகிய 1951இல் ஐக்கிய நாடுகள் அவையில் உருவாகிய அகதிகள் ஒப்பந்தம், துன்புறுத்தலுக்கு அஞ்சி வெளியேறுவோரை மட்டுமே அகதி என வரையறுத்தது. பசிக்கு அஞ்சி வெளியேறுவோன் அதன் வரையறைக்குட் படான். இவ்விரண்டனையும் அருகருகே வைத்துக் காண்பார்க்கு, பாப்பரசரின் தொடக்கத் தொடர் வெறும் பக்தி அலங்காரம் அன்று என்பது புலனாகும். அத்தொடக்கத்தைக் கடந்தபின் அவ்வாணை பெரும்பாலும் திருச்சபை காலந்தோறும் செய்த உதவிகளின் பட்டியலாகவும், குடியேறியோர்க்குரிய குருக்களை அமைத்தற்கான விதிகளாகவும் நீண்டு செல்கின்றது. அப்பகுதிகளை அலுவலக ஏடு என்பதற்கு மேற் பாராட்டுதற்கு இல்லை.

இதே நிகழ்ச்சியைத் தமிழ் மொழி நெடிது பாடியுள்ளது என்பதனை இங்கே கூறாது விடுதல் இயலாது. சூசையப்பரை வளன் என்னும் பெயராற் காப்பியத் தலைவனாக்கி வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணியில், நற்செய்தியின் அம்மூன்று வசனங்கள் பல படலங்களாக விரிந்தன. நாட்டை விட்டு வெளியேறும் பகுதிக்கு அவர் ‘பைதிரம் நீங்கு படலம்’ எனப் பெயரிட்டார். பைதிரம் என்பது நாடு. கம்பர் அயோத்தியா காண்டத்தில் வைத்த நகர் நீங்கு படலத்தின் நிழல் அத்தலைப்பில் வீழ்ந்துள்ளமை கற்றார்க்கு எளிதிற் புலப்படும். ஆயினும் இரு நீங்குதலுக்கும் இடையே உள்ள வேற்றுமை பெரிது. இராமன் பகலில், நகரமே அழுது பின்தொடர, தந்தை சொற் காத்தற்பொருட்டு நீங்குகின்றான். அவன் நீக்கம் அவனுக்குப் புகழாகின்றது. வளனோ இரவில், ஒருவரும் அறியாவண்ணம், மன்னன் ஒருவனது வாளுக்கு அஞ்சிக் குழவியை எடுத்துக்கொண்டு ஓடுகின்றான். காப்பிய மரபு தலைவனுக்கு வேண்டும் பெருமிதத்தை இவ்வோட்டத்திற் பெறுதல் எங்ஙனம்? முனிவர் வானவரைத் துணையாக உடன் அனுப்பியும், முன்னோர் வெற்றிகளை வழிநெடுகக் கதைகளாக உரைப்பித்தும் அக்குறையை நிரப்புகின்றார். காப்பியம் அதனால் உயர்ந்தது. ஆனால் ஓடுவோனின் எளிமை அவ்வணிகலன்களுள் ஓரளவு மறைந்தது என்றே யாம் கூற வேண்டியுள்ளது. முனிவர் இத்தாலியிற் பிறந்து தமிழகம் வந்து, தாயகம் மீண்டு செல்லாது வாழ்ந்து மறைந்தவர். குடிபெயர்ந்தோர் ஒருவர் பாடிய குடிபெயர்வுக் காப்பியத்தில் குடிபெயர்வின் வறுமை இத்துணைக் குறைவாக ஒலித்தல் வியப்பிற்குரியது.

இனிச் சொல்லுக்கு வருவோம். இத்திருமுகங்கள் அனைத்திற்கும் மூலமாய் அமைவது மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் இயலிலுள்ள இறுதித் தீர்ப்புக் காட்சி. பசித்தோன், நீர் வேட்டோன், ஆடையற்றோன், பிணியாளன், சிறைப்பட்டோன் ஆகியோருடன் ஊருக்குப் புதியவனும் அங்கே எண்ணப்படுகின்றான். அவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘க்செனோசு’ என்பது. அயலான், விருந்தினன் என்னும் இரு பொருளும் அதற்கு உண்டு. இலத்தீன் மொழிபெயர்ப்பு அதனை ‘ஓசுப்பெசு’ என்றது. அச்சொல்லும் விருந்தினனையும் அயலானையும், விருந்தோம்புவானையுங்கூடக் குறிக்கும். ஆங்கிலத்திற் பெயர்த்தபொழுது ‘அயலான்’ என்னும் ஒரு பொருளே எஞ்சிற்று. தமிழ் விவிலியங்களும் ‘அந்நியன்’ என்னும் வடசொல்லையே பெரிதும் ஆண்டன. இஃது ஓர் இழப்பு. ஏனெனில், கிரேக்கச் சொல்லின் இரு கூற்றையும் ஒருங்கே தாங்கவல்ல சொல் தமிழில் உண்டு, அதுவே விருந்து. தொல்காப்பியர் செய்யுளியலில் வனப்பு எட்டனுள் ஒன்றாக விருந்தினைக் கூறுமிடத்து அதற்குப் புதுமை என்பதே பொருள். புதியவன் எவனோ அவனே விருந்தினன். அவன் புதியவனாய் இருத்தலே அவனை ஓம்புதற்குக் காரணம். பரிமேலழகரும் விருந்தினரை முன்னறிமுகம் உடைமையாற் கருதி வந்தார், அஃதின்மையாற் கருதாது வந்தார் என இரு வகையாகப் பகுத்தார். பின்னவரே திருமுகங்கள் பேசும் மக்கள்.

எனினும், ‘விருந்து’ என்று மொழிபெயர்த்துவிட்டால் இடர் தீர்ந்தது என எண்ணுதல் தவறாகும். விருந்தினன் செல்பவன். வந்த விருந்தினை ஓம்பி விடுத்து, வரவிருக்கும் விருந்தினை எதிர்நோக்கி நிற்றலே வள்ளுவர் காட்டும் இல்வாழ்வானின் நிலை. தொடக்கத்திற் கூறிய ஆலவாயார் திருமுகமும் பாணனுக்குப் பொருள் கொடுத்து அவனை மீள விடுக்குமாறே வேண்டிற்று. குடியேறியவனோ செல்லான். அவன் மக்கள் அவ்வூர்ப் பள்ளியிற் பயில்வர். அவன் முதியோர் அவ்வூர் இடுகாட்டில் உறங்குவர். மூன்று நாளைக்குரிய அறம் மூன்று தலைமுறைக்குத் தாங்குமோ? தமிழிலும் இவ்வேறுபாடு உணரப்படாமல் இல்லை. பட்டினப்பாலை புகாரில் பல மொழி பேசும் புலம்பெயர்ந்தோர் அவ்வூராரோடு கலந்து உறைந்தமையைச் சிறப்பாகப் பேசுகின்றது. சிலப்பதிகாரம் மருவூர்ப்பாக்கத்து யவனர் இருக்கையைக் காட்டுகின்றது. இவர் விருந்தினர் அல்லர், உறைவோர். ஆயின் இவரை ஏற்றல் நகரின் வளத்திற்கு அடையாளமாகக் கூறப்பட்டதன்றி, ஓர் அறமாகத் தனித்து விதிக்கப்படவில்லை.

2003ஆம் ஆண்டுத் திருமுகத்தின் தலைப்பு இவ்விடத்திலேதான் தன் ஆற்றலைக் காட்டுகின்றது. எபேசியர்க்கு எழுதிய மடலில் சின்னப்பர் கூறும் கருத்தினை அது தழுவியது. வந்தோர் இனி அந்நியரும் அல்லர், வழிப்போக்கரும் அல்லர்; உடன்குடிகள், ஒரே இல்லத்தார் என்பது அக்கருத்து. விருந்தோம்பலினின்றும் ஒருபடி மேலேறி, விருந்தினன் என்னும் நிலையையே நீக்கிவிடும் சொல் அது. இரு நாட்டு ஆயர்களும், அஃதாவது மக்களை அனுப்பும் நாட்டினரும் ஏற்கும் நாட்டினரும், ஒரே மடலிற் கையெழுத்திட்டமை அத்தலைப்பிற்குச் செயலளவில் உரை எழுதியது போலும்.

அத்திருமுகம் ஐந்து கொள்கைகளை வகுக்கின்றது. மக்கள் தத்தம் தாயகத்திலேயே வாழ்வதற்கு வழி பெறுதல் வேண்டும். அவ்வழி இல்லையாயின் தம்மையும் தம் குடும்பத்தையும் காத்தற்குப் பிறநாடு செல்ல அவர்க்கு உரிமை உண்டு. இறைமையுடைய நாடுகட்குத் தம் எல்லையைக் காக்கும் உரிமை உண்டு. புகலிடம் நாடுவோர்க்குப் பாதுகாப்பு அளித்தல் வேண்டும். உரிய ஆவணம் இன்றி வந்தோரின் மாண்பும் மனித உரிமையும் மதிக்கப்படல் வேண்டும். மூன்றாவதனை நடுவில் வைத்து, அதன் இருமருங்கும் குடியேறுவோரின் உரிமைகளை நிறுத்தியுள்ள வைப்புமுறை தற்செயலாக அமைந்தது எனக் கொள்ள யாம் விரும்பவில்லை. எல்லை காக்கும் உரிமையை ஆயர்கள் மறுத்தனர் என்று கூறுவார் அம்மடலைப் படியாதார். அவ்வுரிமையை ஒப்புக்கொண்ட அதே மூச்சில், செல்வத்தை மேலும் பெருக்குதற்கென்றே அதனைப் பயன்படுத்துதல் தகாது என்றும், வளமிக்க நாட்டிற்குக் கடமை மிகுதி என்றும் அவர் வரம்பு கட்டினர். 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி ஏடும் இதனையே கூறும். வந்தோர் ஏற்ற நாட்டின் சட்டத்தையும் மரபையும் மதித்தல் வேண்டும் என்பதனையும் அது உடன் சேர்த்து உரைக்கும்.

ஐந்தனுள் மிக ஆழமானதும், பேசுவோரால் மிகுதியும் மறக்கப்படுவதும் முதற் கொள்கையே என்பது எம் துணிபு. வெளியேறாதிருக்கும் உரிமை அது. பாலைத்திணையின் பொருள்வயிற் பிரிவினைப் பயின்றார்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். அத்திணையில் தலைவன் மொழி வேறுபட்ட நாட்டிற்குப் பொருள் தேடிச் செல்லினும், மீளும் பருவம் குறித்தே செல்வான். பாட்டின் துயரம் அப்பருவத்தின் காத்திருப்பிலே தங்கியது. மெக்சிக்கோ நாட்டு உழவரும் நெடுங்காலம் அங்ஙனமே பருவந்தோறும் வடக்கே சென்று மீண்டனர். 1990களில் எல்லைக் காவல் கடுமையாக்கப்பட்ட பின்னர், ஒருமுறை மீண்டால் மறுமுறை நுழைதல் அரிது என்பதனால் அவர் மீளாது தங்கலாயினர் என்பது சமூகவியலார் கண்டுரைத்த முடிவு. வருகையைத் தடுக்க எழுப்பிய வேலி, வந்தோரின் மீட்சியைத் தடுத்தது. ஆயர்தம் மடல் குடும்பப் பிரிவினைப் பல இடங்களில் வருந்திப் பேசினும், பிரிந்தார் ஒருவரது துயரம் நம் நெஞ்சில் தைக்குமாறு ஓர் இடத்திலும் அமையவில்லை. பொதுமைப் பெயர்களால் பேசுதல் இத்தகைய எழுத்துக்களின் நீங்காக் குறை. இதனை உணர்ந்தே போலும் பிரான்சிஸ், 2013ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாளில், கடலில் மாண்ட குடியேறுவோரின் பொருட்டு இலம்பெடூசாத் தீவிற்குச் சென்றபொழுது, உடைந்த படகுகளின் மரத்தாற் செய்த பொருள்களைக்கொண்டு வழிபாடு நிகழ்த்தினார். நூறு பத்திகள் செய்யாததனை ஒரு மரத்துண்டு செய்தது.

2025ஆம் ஆண்டில் எழுந்த சொற்போர் இவ்வாராய்ச்சியின் நடுவிடமாகும். அவ்வாண்டு சனவரியில் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றவரும், 2019இல் கத்தோலிக்க சமயம் தழுவியவருமாகிய சே. டி. வான்சு, அம்மாத இறுதியில் அன்பின் ஒழுங்கு பற்றிப் பேசினார். முதலில் தன் குடும்பம், பின்னர் அண்டை அயலார், பின்னர் ஊரார், பின்னர் தன் நாட்டினர், அதன்பின்னரே ஏனைய உலகம் என்பது அவர் கூறிய வரிசை. அன்பிற்கு ஒழுங்கு உண்டு என்னும் கோட்பாடு புதிதன்று. அது அகுசுத்தீன் முனிவரிடத்துத் தோன்றி, அக்குவினாசு தோமையாரால் விரித்துரைக்கப்பட்டது. நெருங்கியோர்பால் அன்பு மிகுதல் இயல்பும் முறையும் ஆகும் எனத் தோமையார் கொண்டனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே நூலில் அவர் பிறிதொன்றும் கூறினர். உயிர்போகும் இடுக்கணில் உள்ள அயலானுக்கு, அத்துணை இடுக்கண் இல்லாத தன் தந்தைக்கு முன்னரே உதவ வேண்டிய நேரமும் உண்டு என்பது அது. வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு விலக்கினை விட்டுவிடுதல் நூலைப் பாதி கற்றலாகும்.

பிப்பிரவரி மடலில் பிரான்சிஸ் இதற்கு மறுமொழி தந்தார். கிறித்தவ அன்பு, நடுவே தன்னை வைத்துச் சிறிது சிறிதாக அகன்று செல்லும் வட்டங்கள் அன்று என்பதும், நல்ல சமாரியனின் உவமையை ஓர்ந்து உணர்தலே அன்பின் ஒழுங்கினைக் காணும் வழி என்பதும் அவர் கூற்றின் சாரம். கொடுங்குற்றம் புரிந்தோரிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை நாட்டிற்கு உண்டு என்பதனையும் அவர் அம்மடலில் ஏற்றுக்கொண்டார். பத்திநாதரின் 1952ஆம் ஆண்டு ஆணையை அதன்கண் அவர் நினைவுகூர்ந்தமையால், எழுபது ஆண்டுகட்கு மேற்பட்ட மரபு ஒன்று அறுபடாது தொடர்கின்றமை புலனாகின்றது.

இச்சொற்போரினைத் தமிழ் கற்றார் ஒருவர் கேட்பின், இஃது அன்பிற்கும் அருளிற்கும் உள்ள வேறுபாடு பற்றிய பழைய வழக்கே அன்றோ என்று உடனே எண்ணுவர். தொடர்புடையார்மாட்டுச் செல்வது அன்பு. தொடர்பு கருதாது எல்லா உயிர்மேலும் இயல்பாகச் செல்வது அருள் எனப் பரிமேலழகர் வரையறை செய்தார். வள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்தமை அவ்வரையறைக்கு அரண் செய்வது. துணைக் குடியரசுத் தலைவர் கூறியது அன்பின் வரிசை. பாப்பரசர் வேண்டியது அருள். இவ்வளவில் நின்றுவிட்டால், அருள் துறவிகட்கே உரியது, இல்லறத்தார்க்கும் நாடாள்வார்க்கும் அன்பே அமையும் என ஒருவர் வாதிடுதல் கூடும். அமெரிக்கக் கத்தோலிக்கருட் சிலர் ஏறத்தாழ இவ்வாறே வாதிட்டனர். கருணை தனி மனிதனுக்கு, சட்டம் அரசிற்கு என்றனர்.

வள்ளுவர் அவ்வாதத்திற்கு இடங்கொடுக்கவில்லை என்பதே யாம் இங்குச் சிறப்பாக எடுத்துக்காட்ட விரும்புவது. அருளை அன்பு ஈன்ற மகவாகவும், செல்வத்தை அம்மகவினை வளர்க்கும் செவிலியாகவும் அவர் உருவகம் செய்த இடம் ஒன்று உண்டு. அது துறவறவியலில் இல்லை. பொருட்பாலில், பொருள் செயல்வகை என்னும் எழுபத்தாறாம் அதிகாரத்தில் உள்ளது. நாட்டின் செல்வம் பற்றிப் பேசுமிடத்து அருளினைக் கொணர்ந்து வைத்தற்குக் காரணம் இருத்தல் வேண்டும். ஈன்ற தாய் அன்பு ஆகலின், தன் குடும்பத்தை நேசியாதவன் அயலானை நேசித்தல் அரிது என்பது பெறப்படும். இதனளவில் வான்சு கூறியதனை மறுத்தற்கில்லை. ஆனால் பிறந்த மகவு தாயின் மடியிலேயே இருந்துவிடின் அது வளர்ந்ததாகாது. அதனை வளர்த்தற்குச் செவிலி வேண்டும், அச்செவிலி செல்வம். ஏழை நாடு அருளாதிருப்பின், செவிலி இன்மையால் மகவு வாடிற்று என ஆறுதல் கூறலாம். செல்வம் மிக்க நாடு அருளாதிருப்பின், செவிலி தன் கையிற் கொடுத்த மகவினைக் கைவிட்டாள் என்பதன்றி வேறு கூறுதற்கில்லை. 2003ஆம் ஆண்டுத் திருமுகமும் மறைக்கல்வி ஏடும் வளமிக்க நாட்டிற்குக் கடமை மிகுதி என்று சட்டநடையிற் கூறியதனை இவ்வுருவகம் ஒரு குடும்பக் காட்சியாக ஆக்கித் தருகின்றது. திருமுகங்களின் ஆசிரியர்கட்கு இவ்வுருவகம் கிட்டாமை அவர்தம் குற்றமன்று.

‘இரக்கம்’ என்னும் சொல் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். இவ்வழைப்புக்களைத் தமிழில் எடுத்துரைப்போர் பெரும்பாலும் அச்சொல்லையே வழங்குவர். அகப்பொருள் நூல்களில் இரங்கல் நெய்தற்குரிய உரிப்பொருள். அது தனக்கு நேர்ந்த இழப்பினை நினைந்து ஆற்றாது வருந்துதல். பிறர்க்கு இரங்குதல் பின்வந்த பொருள் விரிவு. அவ்விரிவில், மேல் நிற்பான் கீழ் நிற்பானை நோக்கும் பார்வை ஒன்று நுழைந்துவிட்டது. நல்ல சமாரியனின் உவமையில் உதவியவனே அயல்குடியினன், உதவி பெற்றவனே ஊரவன் என்பதனைப் பலர் கருதுவதில்லை. ஆண்டு அயலான்பால் இரங்குமாறு கேட்போர்க்குச் சொல்லப்படவில்லை. அயலானிடமிருந்து அருளினைக் கற்குமாறு சொல்லப்பட்டது. இரக்கம் என்னும் சொல்லால் அவ்வுவமையின் இத்திருப்பத்தைத் தாங்க இயலாது. அருள் என்னும் சொல்லால் இயலும்.

இறுதியாக, இடம் பற்றிய ஆராய்ச்சி. தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடங்களுள் குடியேறியோர் இத்திருமுகங்களில் எவ்விடத்தில் நிற்கின்றனர்? 1952ஆம் ஆண்டின் ஆணையில் அவர் முழுமையும் படர்க்கையர். அவரைக் குறித்துத் திருச்சபை பேசுகின்றதேயன்றி அவரோடு பேசவில்லை. 2003ஆம் ஆண்டுத் திருமுகத்தில், நெடிய கொள்கை விளக்கங்கள் முடிந்தபின், முடிவுப் பகுதியில் அவரை உடன்பிறந்தோர் என முன்னிலைப்படுத்தி விளிக்கும் இடம் உண்டு. 2025ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாளில் ஆயர்கள் 216 பேர் உடன்பட, ஐவர் மறுக்க, மூவர் வாக்களியாது ஒதுங்க நிறைவேறிய சிறப்புச் செய்தியோ மிகச் சுருங்கியது. பன்னிரண்டு ஆண்டுகட்குப்பின் அவ்வாயர் பேரவை விடுத்த முதற் சிறப்புச் செய்தி அது. வேறுபாடு கருதாது மக்களைப் பெருந்தொகையாக நாடு கடத்துதலை அது எதிர்த்தது. ஓர் உறுப்பு வருந்தின் எல்லா உறுப்பும் வருந்தும் என்னும் சின்னப்பரின் கருத்தினைப் பற்றிக்கொண்டு, குடியேறியோரை நோக்கி, அவர் தனித்திலர் என்று நேரே மொழிந்தது. பட்டியலினின்றும் படிமத்திற்கும், படர்க்கையினின்றும் முன்னிலைக்கும் இந்நடை வந்து சேர எழுபத்துமூன்று ஆண்டுகள் ஆயின.

ஆயினும் இன்னும் ஓர் இடம் எஞ்சியுள்ளது. ஆங்கிலத்தின் தன்மைப் பன்மைப் பெயர் முன்னிலையாரை உளப்படுத்தியதா, படுத்தாததா என்பதனை வெளிப்படக் காட்டாது. தமிழில் அவ்வையத்திற்கு இடமில்லை. கேட்போரை நீக்கிய தன்மைப் பன்மை வேறு, உளப்படுத்திய தன்மைப் பன்மை வேறு எனப் பிரித்தறியும் நெறி நம் இலக்கணத்தில் உண்டு. பேச்சு வழக்கும் ‘நாங்கள்’ என்றும் ‘நாம்’ என்றும் அதனைக் காத்து வருகின்றது. நவம்பர்ச் செய்தியைத் தமிழிற் பெயர்ப்பான் ஒருவன் அதன் ஒவ்வொரு தொடரிலும் இவ்விரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ‘உங்கள் துன்பத்தில் நாங்கள் உடன் நிற்கின்றோம்’ என்று எழுதின், நிற்பவர் வேறு, துன்புறுவார் வேறு. ‘நாம் துன்புறுகின்றோம்’ என்று எழுதின் செய்தியே வேறாகிவிடும்.

எதனைத் தேர்தல் வேண்டும் என்பதற்கு மூலத்தில் விடை இல்லை. அம்மன்றத்தில் அமர்ந்திருப்போரிடத்தில் உண்டு போலும். அந்நாட்டுக் கத்தோலிக்கருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இசுப்பானிய மொழி வழியினர். எல் சால்வதோர் நாட்டிற் பிறந்து, உள்நாட்டுப் போரின் கொடுமைக்குத் தப்பி, 1990இல் உரிய ஆவணமின்றி எல்லை கடந்து வந்த எவேலியோ மென்கிவார் என்பார், 2023இல் வாசிங்டன் நகரின் துணை ஆயராகத் திருநிலைப்படுத்தப்பெற்றார். அவர் நாவில் அச்செய்தியின் தன்மைப் பன்மை உளப்பாட்டுத் தன்மையாகவே ஒலித்தல் வேண்டும். அவர் அருகில் அமர்ந்து, அயர்லாந்தினின்றும் வந்த கொள்ளுப்பாட்டனாரைப் பெயரளவில் மட்டும் அறிந்த ஆயர் ஒருவர் நாவில் அஃது எவ்வாறு ஒலிக்கும் என்பதனை மொழிபெயர்ப்பான் அறியான்.